உதைபந்தாட்ட வீரர் ஆதர் வார்ட்டன்

ஆடுகளத்தில் எழும் கரகோஷம் ஆட்டம் முடிந்ததும் அடங்கிவிடும். அதனை இயற்றிய வீரரின் கதி யாதெனச் சிந்திப்போர் சிலரே. தொழில்முறை உதைபந்தாட்டத்தில் முதன்முதல் இறங்கிய கறுப்பின வீரர் எனப் பலராலும் போற்றப்படும் ஆதர் வார்ட்டனின் வரலாறு நம்மை அவ்வாறு சிந்திக்க வைப்பதாகும்.

இன்று கானா என வழங்கும் பொற்கரை நாட்டின் அக்ரா நகரில் 1865ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் மெதடிஸ்த போதகர். தாமும் அப்பணியை மேற்கொள்ளும் நோக்குடன் 1882இல் இங்கிலாந்துக்குக் கல்வி கற்கச் சென்றார். ஆயின் அவர் உள்ளத்தை விளையாட்டே கவர்ந்துகொண்டது. 1886இல் இலண்டனில் நடைபெற்ற தேசிய மெய்வல்லுநர் போட்டியில் 100 யார் தூரத்தைப் பத்தே விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். மறு ஆண்டும் அவ்வெற்றி அவருக்கே உரியதாயிற்று.

உதைபந்தாட்டத்தில் அவர் ஏற்றது பந்துகாப்பாளர் இடம். டார்லிங்டனில் ஆடத் தொடங்கிய அவரைப் புகழ்பெற்ற பிரெஸ்டன் நோர்த் எண்ட் கழகம் சேர்த்துக்கொண்டது. 1887இல் அக்கழகம் இங்கிலாந்துக் கிண்ணப் போட்டியில் அரையிறுதிவரை முன்னேறியபோது கோல் காத்தவர் அவரே. 1889இல் ரொதரம் டவுன் கழகத்தில் சம்பளம் பெற்று ஆடும் வீரரானார். பின்னர் செபீல்ட் யுனைட்டட் கழகத்திற் சேர்ந்து, 1895இல் முதற் பிரிவு ஆட்டமொன்றிலும் ஆடினார். அங்கே வில்லியம் போக் என்னும் பேருடல் படைத்த காப்பாளர் இருந்தமையால் மேலும் இடங்கிட்டவில்லை. 1902இல் ஸ்டொக்போர்ட் கவுண்டி கழகத்தோடு அவரது ஆட்டவாழ்வு முடிவுற்றது.

ஈட்டிய புகழ் அவருக்குச் சோறு போடவில்லை. நாடறிந்த அவ்வீரர் யோர்க்சயரிலுள்ள எட்லிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளியாய் உழைத்து, 1930 டிசெம்பரில் வறுமையில் மறைந்தார். பெயர் பொறித்த கல்லொன்றுமின்றி 67 ஆண்டுகள் அவரது புதைகுழி கிடந்தது. உதைபந்தாட்டத்தின் வாயிலாக நிறவேற்றுமையை ஒழிக்க முயன்ற செபீல்ட் நகர அமைப்பொன்றின் முயற்சியால் 1997இலேயே அங்கு கல் நாட்டப்பட்டது. 2003இல் இங்கிலாந்து உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. 2014இல் தேசிய உதைபந்தாட்டப் பயிற்சி நிலையத்தில் அவருக்குச் சிலையும் எழுந்தது.

சிலை எடுத்தமை நன்றே. ஆயினும் சுரங்கத்தில் அவர் வாடிய நாளில் ஒரு கை நீண்டிருப்பின் அதனினும் நன்றாயிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம். ஒருகாலத்தில் திடலில் நம்மை மகிழ்வித்து இன்று முதுமையில் ஒடுங்கியிருக்கும் வீரர் ஒவ்வோர் ஊரிலும் உளர். இளைஞர்களே, அவர்தம் படியேறி நலம் வினாவுங்கள். கல் நாட்டுவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.