கண்ணால் கண்ட ஒரே கனவு: தாஜ் ஹோட்டலை எழுப்பிய ஜாம்செட்ஜி டாடா

மும்பை: அரபிக்கடலை நோக்கி நிற்கும் தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலின் பழைய கட்டடத்தில் தங்க வருபவர்கள், தங்கள் அறைக்குச் செல்லும் வழியிலேயே ஓர் ஓவியக் கூடத்தைக் கடந்து செல்கிறார்கள். எம்.எஃப்.ஹுசேன், வி.எஸ்.கைதோண்டே உள்ளிட்ட நவீன இந்திய ஓவியர்களின் படைப்புகளும், பழைய மரச்சாமான்களும், பெல்ஜியம் நாட்டுச் சரவிளக்குகளும், சிற்பங்களும் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. நடுவே, குவிமாடத்தை நோக்கி எழும்பும் பெரிய படிக்கட்டின் அடியில் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. தலையில் பார்சி தலைப்பாகையும் முகத்தில் அடர்ந்த தாடியுமாகக் காட்சியளிக்கும் அந்த மனிதர்தான் ஜாம்செட்ஜி நுசர்வான்ஜி டாடா.

இந்தியத் தொழில்துறையின் தந்தை என்று போற்றப்படும் அவர், தம் வாழ்வின் பிற்பகுதியில் நான்கு பெரும் திட்டங்களை மனத்தில் சுமந்திருந்தார். ஓர் இரும்பு எஃகு ஆலை, ஓர் அறிவியல் ஆய்வுக் கழகம், ஒரு நீர்மின் நிலையம், உலகத் தரத்திலான ஒரு ஹோட்டல் ஆகியவையே அவை. முதல் மூன்றும் அவர் மறைந்த பிறகே உருப்பெற்றன. அவர் தம் கண்ணால் காண முடிந்தது ஹோட்டலை மட்டுமே. அதையும் அவரால் ஐந்து மாதங்களே காண முடிந்தது.

குருமார் குடும்பத்திலிருந்து வணிகத்துக்கு

குஜராத்தின் நவ்சாரியில் 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி ஜாம்செட்ஜி பிறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பார்சி சமயத்தின் குருமார்களாகப் பணியாற்றி வந்த குடும்பம் அது. அந்த மரபிலிருந்து விலகி வணிகத்தில் இறங்கிய முதல் மனிதர் அவருடைய தந்தை நுசர்வான்ஜி. தந்தையைத் தொடர்ந்து 14 வயதில் பம்பாய்க்கு வந்த ஜாம்செட்ஜி, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858ஆம் ஆண்டு படிப்பை முடித்தார். நூல்களின் மீது அங்கே ஏற்பட்ட பற்று இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

படிப்பு முடிந்த மறு ஆண்டே தந்தையின் வணிகத்துக்காக ஹாங்காங் சென்றார். அக்காலத்து பம்பாய் வணிகர்கள் பலரையும் போலவே, சீனாவுடனான அக்குடும்பத்தின் வாணிபத்திலும் பருத்தியும் அபினும் இடம்பெற்றிருந்தன. பின்னர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது உச்சத்துக்குச் சென்ற இந்தியப் பருத்தியின் விலை, 1865ஆம் ஆண்டில் போர் முடிந்ததும் சரிந்தது. பம்பாயில் வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. டாடா குடும்பமும் தப்பவில்லை. லண்டனில் தனியே நின்ற இளைஞர் ஜாம்செட்ஜி, கடன் கொடுத்தவர்களைச் சந்தித்து நிலைமையை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவருடைய நேர்மை அவர்களின் நம்பிக்கையைப் பெற்றுத்தந்தது.

1868ஆம் ஆண்டில் 21 ஆயிரம் ரூபாய் முதலீட்டில் சொந்தமாக ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 29. மறு ஆண்டில் சிஞ்ச்போக்லியில் நலிந்து கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி, அதை நூற்பாலையாக மாற்றினார். சில ஆண்டுகளில் அதை லாபத்துக்கு விற்றுவிட்டு, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக்குச் சென்று பருத்தித் தொழிலை நேரில் கற்றார்.

நாக்பூரில் ஒரு புதிய பாதை

நூற்பாலை என்றால் பம்பாய்தான் என்று எல்லோரும் எண்ணிய காலத்தில், ஜாம்செட்ஜி நாக்பூரைத் தேர்ந்தெடுத்தார். பருத்தி விளையும் நிலத்துக்கு அருகிலேயே ஆலை அமைய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி, விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அதே நாளில், எம்ப்ரஸ் ஆலை இயங்கத் தொடங்கியது.

ஆலையின் லாபத்தோடு தொழிலாளர்களின் நலனையும் அவர் சேர்த்தே எண்ணினார். ஓய்வூதிய நிதி, விபத்து இழப்பீடு போன்ற ஏற்பாடுகள் சட்டத்தின் கட்டாயம் ஏதும் இல்லாத 19ஆம் நூற்றாண்டிலேயே எம்ப்ரஸ் ஆலையில் நடைமுறைக்கு வந்தன. 1886ஆம் ஆண்டில் பம்பாயின் குர்லாவில் நலிவுற்ற ஓர் ஆலையை வாங்கி, அதற்கு சுதேசி ஆலை என்று பெயரிட்டார். சுதேசி என்ற சொல் பெரும் அரசியல் இயக்கமாக உருவெடுப்பதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முந்தைய நிகழ்வு இது.

தோல்விகளும் அவருக்கு உண்டு. சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நூலை ஏற்றிச் செல்ல ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் அதிகக் கட்டணம் வாங்குவதை எதிர்த்து, 1890களில் ஜப்பானியக் கப்பல் நிறுவனத்துடன் கைகோத்துத் தனிக் கப்பல் போக்குவரத்தைத் தொடங்கினார். எதிரணி கட்டணத்தைத் தரைமட்டத்துக்குக் குறைத்ததும் உடன் வந்த வணிகர்கள் விலகினர். அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும், அடுத்த திட்டத்தைத் தொடங்குவதற்கு அந்தத் தோல்வி அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்த எண்ணம்

1896ஆம் ஆண்டில் பம்பாயைக் கொள்ளைநோயான பிளேக் தாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். மேலும் பலர் நகரை விட்டு வெளியேறினர். வெளிநாட்டுத் துறைமுகங்கள் பம்பாயிலிருந்து வரும் கப்பல்களை ஐயத்தோடு நோக்கின. கிழக்கின் பெரும் வணிக நகரம் என்ற பெயர் மங்கிக்கொண்டிருந்தது. அதே வேளையில், அந்நகருக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் வசதியாகத் தங்குவதற்கு ஏற்ற ஹோட்டல் இல்லை என்ற குறையும் நெடுநாளாக இருந்து வந்தது.

அன்றைய பம்பாயில் பெயர் பெற்றிருந்தது வாட்சன்ஸ் ஹோட்டல். இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இரும்புத் தூண்களையும் உத்தரங்களையும் கப்பலில் கொண்டுவந்து எழுப்பப்பட்ட கட்டடம் அது. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி லூமியேர் சகோதரர்களின் திரைப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது அங்கேதான். ஐரோப்பியர்களுக்கு மட்டுமே இடமளித்த அந்த ஹோட்டலில் ஜாம்செட்ஜிக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகவும், அந்த அவமானத்துக்குப் பதிலடியாகவே அவர் தாஜை எழுப்பியதாகவும் ஒரு கதை பரவலாக வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். பழிவாங்கும் எண்ணத்தைவிட, தாம் வாழ்ந்து வளர்ந்த நகரத்தின் மீதான பற்றே அவரை இயக்கியது என்பதற்கு அவருடைய வாழ்க்கையில் சான்றுகள் அதிகம்.

1898ஆம் ஆண்டில் அப்பல்லோ பந்தர் கடற்கரையில் ஹோட்டலுக்கான நிலம் குத்தகைக்குப் பெறப்பட்டது. நிறுவனப் பங்குதாரர்களின் பணத்தை அவர் இதில் ஈடுபடுத்தவில்லை; தம் சொந்தப் பணத்தையே செலவிட்டார். குடும்பத்தினருக்கு இந்தத் திட்டம் புரியவில்லை. ஆலைகளும் அறிவியல் கழகமும் எஃகும் பேசப்படும் வீட்டில் உணவு விடுதி எதற்கு என்று அவருடைய சகோதரிகளே வியந்ததாக வாழ்க்கை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

தாமே தேடிச் சேர்த்த அழகு

சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி.என்.மிர்சா என்ற இந்தியப் பொறியாளர்கள் வரைந்த திட்டத்தின்படி கட்டுமானம் தொடங்கியது. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் டபிள்யூ.ஏ.சேம்பர்ஸ் அதை நிறைவு செய்தார். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலைக்கூறுகள் அதில் ஒன்று கலந்தன. கட்டடத்தின் முகப்பு கடலுக்குப் பதிலாக நகரத்தை நோக்கித் தவறாகக் கட்டப்பட்டுவிட்டதாகவும், அதைக் கண்டு மனமுடைந்த கட்டடக் கலைஞர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது உண்மையன்று. குதிரை வண்டிகளில் வருவோர் நகரப் பக்கத்திலிருந்து நுழையவும், விருந்தினர் அறைகள் கடற்காற்றையும் கடற்காட்சியையும் பெறவும் வேண்டும் என்றே அவ்வாறு திட்டமிடப்பட்டது. அன்றைய நுழைவாயில் இருந்த பக்கத்தில் இப்போது நீச்சல் குளம் உள்ளது.

கட்டடம் எழுந்துகொண்டிருந்தபோதே, அதன் உட்புறத்தை அழகுபடுத்தும் பணியை ஜாம்செட்ஜி தாமே மேற்கொண்டார். லண்டன், பாரிஸ், பெர்லின், டுசெல்டார்ஃப் ஆகிய நகரங்களுக்குச் சென்று அறைகலன்களையும் கலைப்பொருள்களையும் கருவிகளையும் தேர்ந்தெடுத்தார். விருந்துக் கூடத்துக்கான தூண்கள் பாரிஸிலிருந்து வந்தன. ஜெர்மனியிலிருந்து மின்தூக்கிகளும், அமெரிக்காவிலிருந்து மின்விசிறிகளும் கொண்டுவரப்பட்டன. துருக்கிக் குளியல் அறைகள், மின்சாரச் சலவையகம், அஞ்சலகம், மருந்துக்கடை ஆகியவற்றோடு, அங்கேயே தங்கியிருக்கும் மருத்துவரும் ஏற்பாடு செய்யப்பட்டார். மண்ணெண்ணெய் விளக்குகளும் எரிவாயு விளக்குகளுமே வழக்கமாக இருந்த பம்பாயில், மின்சார விளக்குகளால் ஒளிர்ந்த கட்டடமாக அது அமைந்தது.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி, வேலைகள் முழுவதும் முடிவதற்கு முன்பே, தாஜ் மஹால் ஹோட்டல் திறக்கப்பட்டது. முதல் நாளில் தங்கியவர்கள் 17 பேர் மட்டுமே. இரண்டரை லட்சம் பவுண்டு செலவில் எழுந்த அத்தனை பெரிய மாளிகைக்கு அது மிகச் சிறிய தொடக்கம். எனினும், இனத்தின் அடிப்படையில் எவரையும் வாசலில் நிறுத்தாத உயர்தர ஹோட்டல் ஒன்று பம்பாய்க்குக் கிடைத்துவிட்டது.

நிறைவேறிய மற்ற மூன்று கனவுகள்

ஹோட்டல் திறக்கப்பட்டபோதே ஜாம்செட்ஜியின் உடல்நிலை குன்றியிருந்தது. 1904ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய மனைவி ஹீராபாய் காலமானார். சிகிச்சைக்காக ஐரோப்பா சென்ற ஜாம்செட்ஜி, மே 19ஆம் தேதி ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் நகரில் தம் 65ஆவது வயதில் உயிர் நீத்தார். இங்கிலாந்தின் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற பணிகளை மகன்கள் தோராப்ஜியும் ரத்தன்ஜியும், உறவினர் ஆர்.டி.டாடாவும் முன்னெடுத்தனர். 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை அளிப்பதாக ஜாம்செட்ஜி உறுதியளித்திருந்த அறிவியல் கழகம், மைசூர் அரசு வழங்கிய நிலத்தில் 1909ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கழகமாகப் பெங்களூருவில் நிறுவப்பட்டது. 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எஃகு நிறுவனம், 1912ஆம் ஆண்டில் எஃகு உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்த சாக்ச்சி என்ற ஊர், 1919ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஜாம்ஷெட்பூர் ஆனது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரைத் தேக்கி, கோபோலியில் உற்பத்தி செய்யப்பட்ட மின்சாரம் 1915ஆம் ஆண்டில் பம்பாயின் ஆலைகளை எட்டியது.

காலத்தைக் கடந்து நிற்கும் மாளிகை

முதல் உலகப் போரின்போது தாஜ் ஹோட்டல் 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாறியது. ஹோட்டல் திறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1924ஆம் ஆண்டில்தான் அதன் எதிரே கேட்வே ஆஃப் இந்தியா கட்டி முடிக்கப்பட்டது. மன்னர்களும் விடுதலைப் போராட்டத் தலைவர்களும் உலக நாட்டுத் தலைவர்களும் இந்த ஹோட்டலில் தங்கினர். நாடு விடுதலை பெற்ற பிறகு, பம்பாயில் மலர்ந்த நவீன ஓவிய இயக்கத்தின் படைப்புகள் அதன் சுவர்களில் இடம்பிடித்தன. ஐரோப்பாவிலிருந்து ஜாம்செட்ஜி கொண்டுவந்த அழகோடு, இந்தியக் கலைஞர்களின் ஓவியங்களும் இவ்வாறு சேர்ந்துகொண்டன. 1973ஆம் ஆண்டில் பழைய கட்டடத்தை ஒட்டிப் புதிய கோபுரக் கட்டடம் திறக்கப்பட்டது.

2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி இரவு தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதல் 29ஆம் தேதி காலை வரை நீடித்தது. ஹோட்டலில் மட்டும் விருந்தினர்களும் ஊழியர்களுமாக 31 பேர் உயிரிழந்தனர். விருந்தினர்களைக் காக்க முற்பட்டு உயிர் துறந்த ஊழியர்களும் அவர்களில் அடங்குவர். பழைய கட்டடத்தின் மேல்தளங்கள் தீக்கிரையாயின. ஓவியங்கள் பல புகையாலும் நீராலும் சேதமடைந்தன.

கோபுரக் கட்டடம் ஒரு மாதத்துக்குள் திறக்கப்பட்டது. பழைய கட்டடத்தைச் சீரமைக்க ஏறத்தாழ 21 மாதங்கள் ஆயின. சேதமடைந்த ஓவியங்களை வல்லுநர்கள் பொறுமையாகத் தூய்மை செய்து மீட்டெடுத்தனர். 2010ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அதன் கதவுகள் மீண்டும் விருந்தினர்களுக்குத் திறந்தன.

வாட்சன்ஸ் ஹோட்டல் இயங்கிய கட்டடம் இன்று சிதைந்த நிலையில் உள்ளது. தாஜில் அன்றாடம் விருந்தினர்கள் வந்து தங்குகிறார்கள். பெரிய படிக்கட்டில் ஏறும் ஒவ்வொருவரும், அந்த மாளிகையின் வாழ்வில் முதல் ஐந்து மாதங்களை மட்டுமே கண்ட ஜாம்செட்ஜியின் சிலையைக் கடந்தே மேலே செல்கிறார்கள்.