மேல்சபை வாசலில் ராஜாஜி

2023 மார்ச்சில் திருப்பதியில் பட்டதாரிகள் தொகுதித் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு, அன்று மாலையே திருமலைக்குச் சென்று பெருமாளை சேவித்தேன். தமிழ்நாட்டில் 1986-லேயே மேல்சபையை எடுத்துவிட்டதால், அங்குள்ள நம் அங்கத்தினர்களுக்கு இந்தத் தேர்தல் மறந்தே போயிருக்கும். ஆந்திராவிலும் 1985-ல் எடுத்து, 2007-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். இதில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று நம் விருப்பத்தை எண்ணாக எழுத வேண்டும்.

அன்று தரிசன வரிசையில் நின்றபோது ராஜாஜியின் ஞாபகம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

1878-ல் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார். பிறகு ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலை உதறினார். அப்படி உதறியவர், 1920-களின் நடுவில் ஒரு வழக்குக்காக எங்கள் சித்தூர் கோர்ட்டில் வந்து நின்றார். திருப்பதியை ஒட்டிய ஒரு கோயிலுக்குள் சென்றதற்காக, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பக்தர் ஒருவருக்குக் கீழ்க்கோர்ட்டில் தண்டனை விதித்திருந்தார்கள். அவருக்காக ராஜாஜி வாதாடினார், அவர் விடுதலையானார். எங்கள் தாத்தாவுக்குக் கடைசிவரை இதில் வருத்தம்தான். எனக்கோ, ராஜாஜியிடம் மதிப்பு பிறந்ததே இந்தச் சம்பவத்தைக் கேள்விப்பட்ட பிறகுதான்.

1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில் நின்று ஜெயித்து, மாகாணப் பிரதமரானார். சென்னைக்கு இரண்டு சபைகள் வந்ததும் அந்த வருஷம்தான். 1939-ல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்ததும் அவர் மந்திரிசபையே. 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார்.

இனி வருவது நம்மவர்கள் அதிகம் பேச விரும்பாத அத்தியாயம். 1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 மட்டுமே கிடைத்தன. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து ஆட்சி அமைக்க உரிமை கோரின. ராஜாஜியை விட்டால் வழியில்லை என்று காங்கிரஸார் அவரிடம் போனார்கள். அவரோ தேர்தலில் நிற்கவே இல்லை. மேல்சபைக்கு உள்ளாட்சி மன்றங்கள், பட்டதாரிகள், ஆசிரியர்கள், எம்.எல்.ஏ.க்கள் என்று நான்கு பக்கமும் தேர்தல் வாசல் இருந்தது. ஐந்தாவது வாசல், இலக்கியம், கலை, சமூகசேவை முதலியவற்றில் சிறந்தவர்களுக்கான கவர்னரின் நியமனம். கவர்னர் ஸ்ரீபிரகாசா அந்த வழியில் ராஜாஜியை எம்.எல்.சி. ஆக்கினார். ஏப்ரல் 10-ல் அவர் முதலமைச்சரானார். நேருவுக்கே இதில் மனச்சங்கடம். கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார்; மனு தள்ளுபடியாயிற்று.

சட்டப்படி குற்றமில்லை. ஜூலையில் 200-க்கு 151 என்று சபையின் நம்பிக்கையையும் பெற்றார். உணவுக் கட்டுப்பாட்டை நீக்கி, ரேஷன் கஷ்டத்தைத் தீர்த்தார். 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தது. சென்னை நகரம் தமிழர்களுக்கு நின்றது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவோடு சென்றன.

ஆனால் அரைநாள் பள்ளித் திட்டத்தை அவர் கொண்டுவந்ததும் நாடே எதிர்த்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜனங்களின் ஓட்டால் வந்தவன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வழியில்லை. கட்சிக்காரர்களே கைவிட, 1954 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த காமராஜ், மேல்சபை வழியை நாடாமல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்த வித்தியாசத்தை ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1972 டிசம்பர் 25-ல், 94 வயதில் ராஜாஜி காலமானார். அவர் அறிவையும் எளிமையையும் நான் இன்றும் வணங்குகிறேன். ஆயினும், ஒரு ஏழை பக்தர் கோயில் வாசலைக் கடந்தது தவறில்லை என்று வாதாடியவர், தானும் ஜனங்களின் வாசல் வழியாகவே சபைக்குள் வந்திருக்கலாம் என்ற குறை என் மனதில் உண்டு.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. படிப்பும் திறமையும் இருந்தால் யாராவது கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஓட்டர் பட்டியலில் பெயரைச் சேருங்கள், வரிசையில் நில்லுங்கள், முடிந்தால் தேர்தலிலும் நில்லுங்கள்.