ரெனே லென்னெக்

ரெனே தியோபில் ஹையாசிந்த் லென்னெக் (பெப்ரவரி 17, 1781 – ஆகஸ்ட் 13, 1826) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். 1816 ஆம் ஆண்டில் ஸ்டெதஸ்கோப் எனப்படும் இதயத்துடிப்பு மானியைக் கண்டுபிடித்தவர் என இவர் பரவலாக அறியப்படுகிறார். அக்கருவி வழியே கேட்ட ஒலிகளை வகைப்படுத்திப் பெயரிட்டதும், ஒவ்வோர் ஒலியும் உடலினுள் எந்தப் பழுதைக் குறிக்கிறது என்பதைப் பிரேதப் பரிசோதனையுடன் ஒப்பிட்டு ஆராய்ந்ததும் இவரது முதன்மையான பணிகளாகும். இதயம், நுரையீரல் ஆகியவற்றின் நோய்களைப் பற்றி மருத்துவ மாணவர்கள் இன்றும் கற்கும் சொற்கள் பல இவரது நூலிலிருந்து வந்தவை.

இளமைக் காலம்

லென்னெக் பிரான்சின் வடமேற்கே உள்ள பிரித்தானி பகுதியில் கெம்பேர் என்னும் ஊரில் பிறந்தார். இவருக்கு ஐந்து வயதானபோது தாயார் இறந்தார். தாயாரின் நோய் காசநோயாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. வழக்கறிஞரான தந்தையால் பிள்ளைகளைப் பராமரிக்க இயலாத நிலையில், லென்னெக் முதலில் பாதிரியாரான ஒரு சிற்றப்பாவிடமும், 1788 இல் நான்ட் நகரில் மருத்துவராக இருந்த மற்றொரு சிற்றப்பாவான கியோம் லென்னெக்கிடமும் அனுப்பப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமைகள் நான்ட் நகரில் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் அங்கேயே வளர்ந்தார். சிற்றப்பாவைப் பின்பற்றி, தமது பதின்ம வயதிலேயே அந்நகர மருத்துவமனையில் பணியாற்றத் தொடங்கினார்.

கல்வி

1801 இல் லென்னெக் பாரிசு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். ஷாரிதே மருத்துவமனையில் பணியாற்றிய கோர்விசார் இவரது ஆசிரியர்களில் ஒருவர். கோர்விசார் பின்னர் நெப்போலியனின் மருத்துவராகவும் விளங்கினார். மார்பை விரல்களால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்நிலையை அறியும் முறையை வியன்னா மருத்துவர் அவென்புருக்கர் 1761 இல் வெளியிட்டிருந்தார். மருத்துவர்களால் பெரிதும் புறக்கணிக்கப்பட்ட அந்நூலை 1808 இல் பிரெஞ்சு மொழியில் பெயர்த்துப் பரப்பியவர் கோர்விசார். ஒலியைக் கொண்டு நோயை அறியலாம் என்னும் எண்ணம் லென்னெக்குக்கு இங்கிருந்தே கிடைத்தது.

1803 இல் மருத்துவம், அறுவை மருத்துவம் ஆகிய இரண்டிலும் முதற் பரிசுகளைப் பெற்ற லென்னெக், 1804 இல் ஹிப்போகிரட்டீசு பற்றிய ஆய்வேட்டை அளித்துப் பட்டம் பெற்றார். கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளில் இவருக்கு நல்ல பயிற்சி இருந்தது. தாய்நிலத்தின் பிரெத்தோன் மொழியையும் ஆர்வத்துடன் கற்றார். 1814 இல் பாரிசு மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த பிரித்தானிப் போர்வீரர்களுக்கு அவர்களது மொழியிலேயே பேசி மருத்துவம் செய்தார். இம்மொழிப் பயிற்சிகளுள் கிரேக்கமும் இலத்தீனும் பிற்காலத்தில் கலைச்சொற்களை ஆக்குவதற்குப் பெரிதும் உதவின.

இதயத்துடிப்பு மானி

1816 இல் லென்னெக் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் மருத்துவராக அமர்த்தப்பட்டார். அக்காலத்தில் இதய ஒலியைக் கேட்க விரும்பும் மருத்துவர் தமது காதை நோயாளியின் மார்பில் நேரடியாக வைத்துக் கேட்பதே வழக்கம். அவ்வாண்டில் இதயநோயின் அறிகுறிகளுடன் இளம்பெண் ஒருவர் இவரிடம் வந்தார். உடல் பருமன் காரணமாகத் தட்டிப் பார்ப்பதால் பயன் விளையவில்லை. நோயாளியின் வயதையும் பாலினத்தையும் கருதி, காதை வைத்துக் கேட்பது முறையன்று என்று லென்னெக் எண்ணினார். மரத்துண்டின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் காதை வைத்தவருக்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. காகிதத் தாள்களை இறுகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தபோது, இதயத்துடிப்பு முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்டது.

பின்னர் பல பொருட்களைச் சோதித்து, ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள மர உருளையை அமைத்தார். அதன் நடுவில் நீளவாட்டில் ஒரு துளை உண்டு. மார்பில் வைக்கும் முனை புனல் போலக் குடையப்பட்டு, அதில் பொருந்தும் ஓர் அடைப்பும் இருந்தது. மூச்சொலியைக் கேட்க அடைப்பை நீக்கியும், இதய ஒலியையும் குரலையும் கேட்க அடைப்பைப் பொருத்தியும் பயன்படுத்தினார். இக்கருவிகளை லென்னெக் தாமே கடைசல் பிடித்துச் செய்தார். முதலில் இதனை உருளை என்றே அழைத்தார். பிறர் பலவாறு பெயரிடத் தொடங்கியதால், கிரேக்கத்தில் மார்பு எனப் பொருள்படும் சொல்லையும் நோக்குதல் எனப் பொருள்படும் சொல்லையும் இணைத்து ஸ்டெதஸ்கோப் என்ற பெயரைத் தெரிவு செய்தார்.

ஒலிகளும் பெயர்களும்

கருவி கிடைத்த பின்பு எழுந்த சிக்கல் மொழி சார்ந்தது. அதுவரை எவரும் கேட்டிராத ஒலிகளுக்குப் பெயர்கள் இல்லை. ஓர் ஒலியைக் கேட்காத மாணவனுக்கு அதனைச் சொல்லால் உணர்த்தவும் வேண்டியிருந்தது. லென்னெக் நோயாளியிடம் கேட்ட ஒலியைக் குறித்துவைத்தார். அந்நோயாளி இறக்க நேர்ந்தால், பிரேதப் பரிசோதனையில் கண்ட பழுதுடன் அக்குறிப்பை ஒப்பிட்டார். பல நோயாளிகளில் இவை ஒத்துவந்த பின்னரே ஒலியை நோயின் அடையாளமாகக் கொண்டார். அன்றாட வாழ்வில் எவரும் கேட்டிருக்கக்கூடிய ஒலிகளையே உவமையாகவும் எடுத்துக்கொண்டார். அவற்றுள் சில வருமாறு:

பெக்டோரிலோக்கி: மார்பு, பேசுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. நோயாளி பேசும்போது குரல் வாயிலிருந்து வராமல் மார்பிலிருந்தே கருவி வழியாக வருவது போலக் கேட்கும். நுரையீரலில் காசநோய் குழி ஏற்படுத்தியிருப்பதன் அடையாளமாக இதனை லென்னெக் கொண்டார்.

ஈகோபொனி: ஆடு, குரல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கப்பட்டது. குரல் ஆட்டின் கனைப்புப் போல நடுங்கிக் கேட்கும். நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நீர் சேர்ந்திருப்பதை இது காட்டும் என்றார்.

நொறுங்கொலி: வாணலியில் மெல்லச் சூடேறும் உப்பு வெடிக்கும் ஒலியைப் போன்றது. நிமோனியாவின் தொடக்க நிலையில் கேட்கும்.

சீழ்க்கையொலியும் குறட்டையொலியும்: முன்னையது சிறு பறவைகளின் கீச்சொலியையும், பின்னையது உறங்குபவரின் குறட்டையையும் ஒத்தவை. மூச்சுக்குழாய்கள் குறுகும்போது எழுபவை.

உலோகக் கிணுகிணுப்பு: உலோகக் கிண்ணத்தில் மணல்துகள் விழுவது போன்ற ஒலி. நுரையீரல் உறையிலோ பெரிய குழியிலோ காற்றும் நீரும் சேர்ந்திருக்கும்போது கேட்கும்.

துருத்தியொலி: இதயத்தில் கேட்கும் ஊதல் போன்ற முணுமுணுப்பு. இதயப் பகுதியில் கைக்குத் தட்டுப்படும் ஒருவகை அதிர்வை, தடவிக்கொடுக்கும்போது பூனை எழுப்பும் உறுமலுக்கு ஒப்பிட்டார்.

மூச்சுடன் கேட்கும் இவ்வகை மிகை ஒலிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக ரால் என்ற பிரெஞ்சுச் சொல்லை லென்னெக் பயன்படுத்தினார். மக்கள் வழக்கில் அச்சொல் இறக்கும் தறுவாயில் தொண்டையில் எழும் ஒலியைக் குறிப்பதாகும். படுக்கையருகே அதனைக் கேட்கும் நோயாளிகள் தங்களுக்கு மரணம் நெருங்கிவிட்டதாக அஞ்சக்கூடும் என்பதால், அவர்கள் முன்னிலையில் ரோங்கஸ் என்ற இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். இரண்டும் அவரைப் பொறுத்தவரை ஒரே பொருள் உடையவை.

நூல்

இவ்வாய்வுகள் 1819 இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. இதனை பிரித்தானிய மருத்துவர் ஜான் போர்ப்சு 1821 இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1826 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு நுரையீரல், இதய நோய்கள் பற்றிய முழுமையான நூலாக விரிவாக்கப்பட்டிருந்தது. நுரையீரல் வீக்கம், மூச்சுக்குழாய் விரிவு, எம்பிசீமா போன்றவற்றின் தெளிவான விவரிப்புகள் லென்னெக்கின் எழுத்துக்களில் உள்ளன. மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, கல்லீரல் நோயொன்றுக்கு சிரோசிஸ் என்று பெயரிட்டவரும் இவரே. 1822 இல் பிரான்சுக் கல்லூரியில் பேராசிரியராகவும், 1823 இல் மருத்துவ அகாதெமியின் உறுப்பினராகவும் ஆனார். இவரிடம் கற்கப் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தனர். அவர்களுக்காக நோயாளியின் படுக்கையருகே இலத்தீனிலும் பேசினார். நோய்கள் பெரும்பாலும் அழற்சியால் விளைபவை என்று வாதிட்ட புருசே இவரது கடுமையான எதிராளியாக விளங்கினார்.

பிழைகளும் திருத்தங்களும்

லென்னெக் கேட்டவை பெரும்பாலும் சரியானவை. அவற்றுக்கு அளித்த விளக்கங்கள் யாவும் சரியானவை அல்ல. இதயத்தின் முதல் ஒலி கீழறைகள் சுருங்குவதாலும் இரண்டாம் ஒலி மேலறைகள் சுருங்குவதாலும் எழுகின்றன என்று அவர் கருதினார். வால்வுகள் மூடுவதே இவ்வொலிகளுக்கு அடிப்படை என்பது பின்னரே தெளிவாயிற்று. துருத்தியொலியை முதலில் வால்வுப் பழுதுடன் தொடர்புபடுத்தினார். அவ்வொலி இருந்த சிலரின் பிரேதப் பரிசோதனையில் பழுது எதுவும் காணப்படாததால், தசையிறுக்கமே அதற்குக் காரணம் எனக் கருத்தை மாற்றிக்கொண்டார்.

பெயர்களும் குழப்பத்திலிருந்து தப்பவில்லை. ஒரே பொருளுடைய ரால், ரோங்கஸ் என்ற இரு சொற்களும் பின்வந்தோரால் இருவேறு ஒலிகளுக்கு வழங்கப்பட்டன. நாட்டுக்கு நாடு பொருள் மாறியது. 1957 இல் லான்செட் இதழில் ராபர்ட்சன், கூப் ஆகியோர் இக்குழப்பத்தை எடுத்துக்காட்டி எளிய சொற்களை முன்மொழிந்தனர். 1985 இல் டோக்கியோவில் கூடிய நுரையீரல் ஒலிகள் குறித்த பன்னாட்டு மாநாட்டில் ஒரு பொதுவான பெயர்த்தொகுதி ஏற்கப்பட்டது. நோயாளியின் அச்சத்தைத் தணிக்க லென்னெக் எடுத்தாண்ட ரோங்கஸ், அதில் தாழ்ந்த சுருதியுடைய தொடர் ஒலிக்கு உரிய பெயராக இடம்பெற்றது.

இறுதிக் காலம்

லென்னெக் நெடுங்காலமாக நோயுற்ற உடலினர். நூல் வெளிவந்த 1819 இலேயே உடல்நலம் குன்றி, பிரித்தானியில் உள்ள கெர்லுவார்னெக் என்னும் தமது பண்ணை வீட்டுக்குச் சென்றார். 1821 இல் மீண்டும் பாரிசுக்குத் திரும்பினார். 1824 இல் திருமணம் செய்துகொண்டார். 1826 இல் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் மிகுந்தபோது, தமது உறவினரும் மருத்துவருமான மெரியாடெக் லென்னெக்கைக் கொண்டு தம் மார்பைச் சோதிக்கச் செய்தார். மெரியாடெக் கேட்டுச் சொன்ன ஒலிகள் காசநோயின் அடையாளங்களாக லென்னெக் தாமே பெயரிட்டு விவரித்தவை. அவற்றின் பொருளை விளக்க எவரும் தேவைப்படவில்லை. பிரித்தானிக்குத் திரும்பிய லென்னெக், 1826 ஆகஸ்ட் 13 அன்று கெர்லுவார்னெக்கில் தமது 45 ஆம் வயதில் காலமானார். தமது ஸ்டெதஸ்கோப்பை மெரியாடெக்குக்கு விட்டுச் சென்றார்.

தாக்கம்

மர உருளை 19 ஆம் நூற்றாண்டில் பல மாற்றங்களை அடைந்தது. 1850களின் தொடக்கத்தில் இரு காதுகளாலும் கேட்கும் வடிவம் உருவாயிற்று. காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை ராபர்ட் கோக் 1882 இல் அறிவித்தார். நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் தோன்றும் காசநோய்க் கழலைகள் யாவும் ஒரே நோயின் வடிவங்களே என்று லென்னெக் வலியுறுத்திய கருத்தை அது உறுதிப்படுத்தியது. ஊடுகதிர்ப் படமும் மீயொலிக் கருவிகளும் வந்த பின்னரும், நிமோனியாவின் நொறுங்கொலியும் நீர் சேர்ந்த நுரையீரல் உறையின் ஆட்டுக்குரலும் மருத்துவக் கல்வியில் தொடர்ந்து கற்பிக்கப்படுகின்றன.