இரு கரைகளில் பிரிந்த குடும்பம்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தமது மூதாதையரைத் தேடிச் செல்லும்போது, பெரும்பாலும் 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டோடு தடைப்பட்டு நிற்க நேர்கிறது. 1850, 1860ஆம் ஆண்டு மதிப்பீடுகளில் அடிமைகளுக்குப் பெயரில்லை. உடைமையாளரின் பெயரின் கீழ் அவர்களது வயதும் பாலும் நிறமுமே பதியப்பட்டன. அந்த இருளினுள்ளும் முகமும் கையெழுத்தும் துலங்க நிற்கும் மூதாதை ஒருவர் உளர். அவரே அப்துல் ரஹ்மான் இப்ராஹீம்.

இன்றைய கினி நாட்டிலுள்ள திம்போவை ஆண்ட இப்ராஹீம் சோரியின் மகனாக 1762இல் பிறந்த அவர், திம்புக்டுவில் கல்வி கற்றவர். 1788இல் போரில் சிறைப்பட்டு, அடிமை வணிகரிடம் கைமாறி, மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள நாட்செஸில் தோமஸ் பொஸ்டர் என்னும் தோட்ட முதலாளிக்கு விற்கப்பட்டார். அங்கு இஸபெல்லாவை மணந்து ஒன்பது பிள்ளைகளுக்குத் தந்தையானார்.

1807இல் சந்தையில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தவரை வைத்தியர் ஜோன் கொக்ஸ் அடையாளங்கண்டார். முன்னர் ஆபிரிக்காவில் நோயுற்றுத் தவித்தபோது இவரது குடும்பத்தாரின் பராமரிப்பினால் உயிர் பிழைத்தவர் கொக்ஸ். அந்த நன்றிக்கடனுக்காக அவர் விலைகொடுத்து மீட்க முன்வந்தும் பொஸ்டர் இணங்கவில்லை.

1826இல் அப்துல் ரஹ்மான் அறபு மொழியில் வரைந்த கடிதமொன்று மொரோக்கோவைச் சென்றடைந்தது. அறபு எழுதுபவர் மொரோக்கோ நாட்டவராகவே இருத்தல் வேண்டும் என அமெரிக்க அதிகாரிகள் கருதிவிட்டனர். நாற்பதாண்டு உழைப்பு பெற்றுத் தராத விடுதலையை இந்தத் தவறான கணிப்பு 1828இல் பெற்றுத் தந்தது! ஜோன் குவின்சி அடம்ஸ் அப்போது ஜனாதிபதி. பொஸ்டர் பணம் கேட்கவில்லை. எனினும், அமெரிக்காவில் சுதந்திர மனிதராக வாழாது ஆபிரிக்கா திரும்பவேண்டுமென நிபந்தனை விதித்தார். நாட்செஸ் மக்கள் திரட்டிய பணத்தினால் இஸபெல்லாவும் மீட்கப்பட்டார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டத்திலேயே இருந்தனர்.

அவர்களை மீட்பதற்காக 66 வயதில் வடமாநிலங்களெங்கும் அலைந்து நிதி சேர்த்தார் அப்துல் ரஹ்மான். கிறிஸ்தவ ஜெபத்தை அறபில் எழுதித் தரும்படி கேட்கப்பட்டபோது, அவர் எழுதிக் கொடுத்தது சூறத்துல் பாத்திஹா. கேட்டவருக்கு அது தெரியவில்லை. தேவைப்பட்ட தொகையில் பாதியளவே சேர்ந்தது.

1829 பெப்ரவரியில் கப்பலேறி லைபீரியாவை அடைந்த அவர், திம்போவைக் காணாமலே ஜூலையில் மொன்ரோவியாவில் காலமானார். சேர்த்த பணத்தினால் புதல்வர் இருவரின் குடும்பங்கள் மீட்கப்பட்டு 1830இல் இஸபெல்லாவிடம் போய்ச்சேர்ந்தன. எஞ்சியோர், அதே 1829இல் இறந்த பொஸ்டரின் வாரிசுகளிடையே சொத்தோடு சொத்தாகப் பங்கிடப்பட்டனர். லைபீரியாவிலும் அமெரிக்காவிலுமாகப் பிரிந்து வளர்ந்த சந்ததியினர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நாட்செஸ் மண்ணில் ஒன்றுகூடினர்.