நிழல்களைச் சேர்த்துப் படமாக்கிய ஜி.என்.ராமச்சந்திரன்

மசினகுடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? நீலகிரி மலையின் வடக்குச் சரிவுக்குக் கீழே, முதுமலைக் காட்டை ஒட்டியிருக்கும் ஊர் அது. பக்கத்திலேயே தெப்பக்காடு யானைகள் முகாம்.

சாயங்கால வெயிலில் அங்கே ஒரு தாய் யானை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் அதன் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. நிழலை மட்டும் பார்த்து, தாய்க்கு மறுபுறம் ஒரு குட்டி நிற்கிறதா இல்லையா என்று சொல்ல முடியுமா? முடியாது. குட்டியின் நிழல் தாயின் நிழலுக்குள் காணாமல் போயிருக்கும். வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வந்தால்தான் குட்டி இருப்பது தெரியும்.

எக்ஸ்-ரே படமும் ஒரு நிழல்தான். 1895-ம் ஆண்டு ஜெர்மனியில் ரோண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பிறகு, எலும்பு முறிவுகளை மருத்துவர்கள் எளிதாகப் பார்த்தார்கள். ஆனால், தலைக்குள் இருப்பதைப் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. அங்கே மண்டை ஓடுதான் தாய் யானை. மூளைக்குள் இருக்கும் சிறு கட்டிதான் குட்டி. கட்டி இருக்குமிடத்தை ஊகிப்பதற்காக, முதுகுத் தண்டு வழியாகக் காற்றை உள்ளே செலுத்தி எக்ஸ்-ரே எடுப்பார்கள். நோயாளிக்குத் தலைவலி உயிர் போகும்! அப்படியும் படம் தெளிவாக இருக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்த்த கணக்குகளில் முக்கியமான ஒன்று, சென்னையில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்த ஒருவர் போட்டது. அவர்தான் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முன்னால் இருக்கும் 'ஜி' என்பது கோபாலசமுத்திரம் என்ற ஊரைக் குறிக்கும். அப்பா நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகனுக்குக் கணக்கின் ருசியைக் காட்டியவர் அவர்தான். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார் ராமச்சந்திரன்.

ஆனால், மனசு இயற்பியல் பக்கமே இழுத்தது. அதே வளாகத்தில்தான் சர் சி.வி.ராமன் இருந்தார். ராமச்சந்திரன் அவரிடம் போய் நின்றார். ராமன் சும்மா இருப்பாரா? மின் பொறியியல் துறையின் தலைவரிடம், இந்தப் பையன் உங்கள் துறைக்குக் கொஞ்சம் அதிகமான புத்திசாலி என்று சொல்லித் தன் துறைக்கு மாற்றிக்கொண்டாராம்!

பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்று, 1949-ல் நாடு திரும்பினார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியர் தேவைப்பட்டது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் முதலில் ராமனைத்தான் கேட்டார். ராமனோ தன் மாணவரைக் கைகாட்டினார். முப்பது வயதை ஒட்டிய இளைஞர் துறைத் தலைவர் ஆனார்.

சென்னையில் அவர் எடுத்துக்கொண்ட முதல் பெரிய வேலை கொலாஜன். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. அதன் வடிவம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். கொலாஜன், மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு என்று 1954-லும் 1955-லும் எழுதினார்கள். அக்காவின் மூன்று கால் ஜடையை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். புரதங்கள் எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படி மடங்கவே முடியாது என்று காட்டும் 'ராமச்சந்திரன் வரைபடம்' 1963-ல் வந்தது. அவருடன் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் உழைத்தார்கள். உயிரியல் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுவதும் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

இனி, நம் யானை நிழலுக்கு வருவோம்.

ஒரு பொருளின் நிழல்களைச் சுற்றிலும் பல திசைகளிலிருந்து எடுத்து வைத்திருக்கிறீர்கள். பொருள் மட்டும் கையில் இல்லை. அதை எப்படி வரைவது? ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியிலேயே திரும்ப இழுத்துப் பூசுங்கள். எல்லாப் பூச்சுகளும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடர்த்தியாகிறதோ, அங்கேதான் பொருள் இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால், சுற்றிலும் விழுந்த பூச்சும் அழியாமல் நிற்குமே! தூறலில் நனைந்த கோலம் மாதிரி படம் கலங்கிவிடும். குட்டி யானை மறுபடியும் தாயோடு கலந்துவிடும்.

இதைச் சரிசெய்ய அப்போது இருந்த வழிகளில் ஒன்று, நிழலை அலைகளாகப் பிரித்து மறுபடி கூட்டும் நீண்ட கணக்கு. அன்றைய கணிப்பொறிகளுக்கு அது பெரிய சுமை. 1971-ல் ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் ஒரு குறுக்கு வழியை வெளியிட்டார்கள். பூசுவதற்கு முன்பே நிழலைத் திருத்திவிடுங்கள் என்பதுதான் அது. நிழலில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணிலிருந்து, இரு பக்கமும் உள்ள முதல், மூன்றாம், ஐந்தாம் புள்ளிகளின் எண்களில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். தள்ளிப் போகப் போகப் பங்கு குறையும். இரண்டாம், நான்காம் புள்ளிகளைத் தொடவே வேண்டாம்! இப்படித் திருத்திய நிழல்களைப் பூசினால், வேண்டாத கலங்கல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். வெறும் பெருக்கலும் கழித்தலும்தான். எத்தனை அழகு பாருங்கள்!

அதே 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி, லண்டனில் ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. மூளைக்குள் இருந்த கட்டி படத்தில் தெரிந்தது. அந்தக் கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. சோதனைச்சாலையில் அவர் வைத்த முதல் மாதிரிக்கு, ஒரு பொருளைப் படம் பிடிக்க 9 நாட்களும், கணக்குப் போட இரண்டரை மணி நேரமும் ஆயின. அவர் பயன்படுத்தியது வேறு கணக்கு. கொஞ்ச காலத்திலேயே ஸ்கேன் கருவிகள் திருத்திப் பூசும் முறைக்கு மாறின. மற்றவர்களும் அதை மெருகேற்றினார்கள். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் பெயர்களைச் சுருக்கி 'ராம்-லாக்' என்று அந்தத் திருத்தத்துக்குப் பெயரும் வந்தது. இப்போது புதுப்புது முறைகள் வந்துவிட்டாலும், ஸ்கேன் பற்றிய பாடம் ராம்-லாக்கைத் தொடாமல் நகராது.

1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இந்தக் கணக்கை 1963-லேயே யோசித்த கார்மேக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது நியாயம்தான். ஆனால், சி.டி. ஸ்கேன் கதையைச் சொல்கிற பலர் நம் ராமச்சந்திரனை மறந்துவிடுவதுதான் வருத்தம்.

இந்தப் படங்களால் என்ன பயன் என்கிறீர்களா? திடீரென்று ஒருவருக்குக் கை, கால் விழுந்துவிடுகிறது. மூளையின் ரத்தக் குழாய் அடைத்ததாலா, வெடித்ததாலா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை வெடித்தவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேனில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

நம் வேலூரிலும் ஒரு சம்பவம் நடந்தது. வலிப்பு வந்தவர்களை ஸ்கேன் செய்தால், பலருடைய மூளையில் ஒரு சிறு வட்டம் தெரிந்தது. அது காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தார்கள். 1980-களின் இறுதியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வி.ராஜசேகர் முதலானோர் அப்படிப்பட்ட வட்டங்களைச் சிலரிடமிருந்து எடுத்து நுண்நோக்கியில் ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை காசநோயே இல்லை! பன்றி இறைச்சி வழியாகப் பரவும் நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கி உண்டாக்கிய வீக்கம். அவற்றில் பல, தாமாகவே மறைந்துவிடக் கூடியவை.

அதற்குப் பிறகு, இரண்டையும் படத்திலேயே பிரித்தறிய அவர்கள் அடையாளங்கள் வகுத்தார்கள். வட்டம் 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளாமல் இருந்தால் அது பெரும்பாலும் புழு. அதைவிடப் பெரிதாக, ஓரம் கோணல்மாணலாக இருந்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். மண்டையைத் திறக்காமலே, தேவையில்லாத மருந்தைத் தின்னாமலே எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள்! மசினகுடியில் ஒரு சிறுவனுக்கு வலிப்பு வந்து, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஊட்டிக்கு அழைத்துப் போகிறார்கள் என்றால், அந்தப் பெற்றோர் தெரிந்துகொள்ளத் துடிப்பதும் இதைத்தானே?

ராமச்சந்திரன் 1970-களின் தொடக்கத்தில் பெங்களூருக்குத் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைக் கட்டி வளர்த்தார். 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. கடைசிக் காலத்தில் கை நடுங்கும் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. மனைவி ராஜலட்சுமி 1998-ல் மறைந்தது பெரிய அடி. மறு ஆண்டு, படிகவியலின் உயர்ந்த விருதான எவால்டு பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2001-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் தேதி, தன் 78-வது வயதில் சென்னையில் காலமானார்.