பசித்த பிள்ளைகளுக்குத் தாயான சாவித்திரிபாய்

புனேயில் வாழும் தமிழர்களுக்குச் சாவித்திரிபாய் பூலே என்ற பெயர் புதிதல்ல. இவ்வூர்ப் பல்கலைக்கழகம் 2014-ம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்று பலரும் அறிவர். பஞ்ச காலத்தில் ஏழைப் பிள்ளைகளின் பசியாற்றப் பாடுபட்டவர் என்பதை அறிந்தவர் சிலரே.

சாவித்திரிபாய் 1831-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி சத்தாரா மாவட்டம் நாய்காவ் கிராமத்தில் பிறந்தார். 9 வயதில் ஜோதிராவ் பூலேயை மணந்தார். கணவரிடமே எழுத்துக் கற்றார். 1848-ல் இருவரும் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். தெருவில் நடந்தபோது அவர் மீது சாணியும் சேறும் வீசினார்கள். அவர் பள்ளியை மூடவில்லை.

தாது வருஷப் பஞ்சம்

1876-ல் மழை பொய்த்தது. தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்ன அதே பஞ்சம், மராட்டிய மண்ணையும் வாட்டியது. இரண்டே ஆண்டுகளில் அரைக் கோடிக்கும் அதிகமானோர் மாண்டனர். நாட்டில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. அந்த ஆண்டுகளிலும் கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. விலை ஏறியது, வாங்க ஏழையின் கையில் காசு இல்லை. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு, ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓர் அணாவுமே கூலி.

பூலே தம்பதியின் சத்திய சோதக் சமாஜம் 1877-ல் புனேயை அடுத்த தன்கவடியில் ஒரு முகாம் அமைத்தது. அங்கே சுமார் ஆயிரம் பிள்ளைகளுக்குத் தினமும் உணவு வழங்கப்பட்டது.

சாவித்திரிபாய் ஜுன்னர் பக்கம் ஓதூருக்குப் போய்த் தொண்டு செய்தார். லேவாதேவிக்காரர்களின் கொடுமையால் அங்கே கலகம் மூண்டது. சமாஜத் தொண்டர்கள் 50 பேர் பிடிபட்டனர். அம்மையார் கலெக்டரிடம் நேரில் வாதாடினார். தொண்டர்கள் விடுதலையானார்கள். நான்கு வண்டிச் சோளமும் வந்து சேர்ந்தது. இதைக் கணவருக்கு அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கடைசித் தொண்டு

1890-ல் ஜோதிராவ் காலமானார். 1896-ல் மீண்டும் பஞ்சம் வந்தது. கூடவே பிளேக் நோயும் வந்தது. வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்த் ஊருக்கு வெளியே மருத்துவமனை தொடங்கினார். பிளேக் கண்ட ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் தோளில் சுமந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். நோய் தொற்றிய அம்மையார் 1897-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி உயிர் துறந்தார்.

சொந்தத்தில் பிள்ளை பெறாத அந்தத் தாய், பெற்றவர்கள் சோறு போட வழியற்றுத் தவித்த பிள்ளைகளுக்கெல்லாம் தாயாக இருந்தார்.