குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்): எஞ்சிய சாட்சிகள்

தொண்டியார்பேட்டைக்கு அந்தப் பெயர் வரக் காரணம், தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களே என்று வடசென்னையில் சொல்வார்கள். நம் திருமுல்லைவாயில் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர்களை அறிவார்கள்?

இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றார்கள். மாமன் மகளை மணமுடிக்கச் சொன்னபோது மறுத்து, வீட்டைத் துறந்து கிளம்பினார்கள். திருப்பரங்குன்றம் சிக்கந்தர் மலையில் 40 நாட்கள் தனித்திருந்து தவம் செய்தார்கள். பல ஊர்கள் அலைந்து கடைசியில் இராயபுரம் வந்து சேர்ந்தார்கள். 1838இல் அங்கேயே வஃபாத்தானார்கள்.

இதற்கு மேல் நம் காதுக்கு வருபவை பெரும்பாலும் கராமத் கதைகள். அவற்றைக் கொண்டு ஒருவரின் வரலாற்றை எழுத முடியாது என்பது நம் கருத்து. அவர்களின் பாடல்களே முதல் சாட்சி. மனோன்மணிக் கண்ணியில் வரும் சித்தர் வழக்குச் சொற்களைக் கண்டு ஆலிம்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அதே புலவர்தான் முஹ்யித்தீன் ஆண்டகை மீது சதகமும் பாடியவர். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு சாட்சி வெளியிலிருந்து வருகிறது. அக்காலத்துப் பெரும் புலவர் திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் நம் மஸ்தான் சாகிபைப் புகழ்ந்து நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் அவர்களுக்குச் சீடராகவே இருந்தார். தர்காவுக்குப் போய் ஃபாத்திஹா ஓதித் திரும்பும் நம்மில் பலர் அந்த மாலையை ஒருமுறையும் புரட்டியதில்லை.